ராஜாவின் குதிரை முன்னால் போய் நின்ற பெண்... எப்சம் ரேஸ் மைதானத்தில் 1913-ல் நடந்தது என்ன? யார் இந்த எமிலி டேவிசன்?

1913-ம் ஆண்டு ஜூன் 4, புதன்கிழமை. லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் எப்சம் ரேஸ் மைதானத்தில் அன்று டெர்பி பந்தயம். ராஜா ஐந்தாம் ஜார்ஜும் ராணி மேரியும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ராஜாவின் சொந்தக் குதிரையும் ஓடுகிறது. கூட்டம் கட்டுக்கடங்காமல் நிற்கிறது.

குதிரைகள் ஒரு வளைவில் திரும்பி வரும்போது, வேலிக்கு அடியில் குனிந்து ஒரு பெண் ஓடுபாதைக்குள் வருகிறார். சில விநாடிகள்தான். ராஜாவின் குதிரை அவர் மேல் மோதுகிறது. குதிரை, ஜாக்கி, அந்தப் பெண் என மூன்று பேரும் தரையில் உருளுகிறார்கள். நான்கு நாள் கழித்து அந்தப் பெண் இறந்துபோகிறார்.

அவர் பெயர் எமிலி வைல்டிங் டேவிசன். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தச் சில விநாடிகளைப் பற்றிய விவாதம் மட்டும் முடியவில்லை. உயிரை விடவே போனாரா? இல்லை, வேறு ஏதாவது செய்ய நினைத்தாரா? ஒரு ரேஸ் மைதானத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

எப்சம்: சாதாரண மைதானம் இல்லை

எமிலியின் கதைக்குப் போவதற்கு முன்பு, எப்சம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே கவுண்டியில் இருக்கும் புல்வெளி மேட்டு நிலம்தான் எப்சம் டவுன்ஸ். 17-ம் நூற்றாண்டிலேயே இங்கே குதிரைப் பந்தயம் நடந்திருக்கிறது. ஆனால் இந்த இடத்தை உலகத்துக்கே தெரிய வைத்தது 1780-ல் தொடங்கிய டெர்பி பந்தயம்.

12-வது டெர்பி பிரபுவும், அவருடைய நண்பர் சர் சார்லஸ் பன்பரியும் பந்தயத்துக்கு யார் பெயரை வைக்கலாம் என்று காசு சுண்டிப் பார்த்ததாக ஒரு கதை உண்டு. டெர்பி பிரபு ஜெயித்தாராம். கதை உண்மையோ இல்லையோ, முதல் டெர்பியை ஜெயித்தது பன்பரியின் டயோமெட் என்ற குதிரை. பெயர் ஒருத்தருக்கு, கோப்பை இன்னொருத்தருக்கு! இன்று மும்பை மகாலட்சுமி மைதானத்தில் நடக்கும் இந்தியன் டெர்பி வரை, உலகம் முழுக்கப் பல பந்தயங்களுக்கு டெர்பி என்று பெயர் வந்தது இங்கே இருந்துதான்.

மூன்று வயதுக் குதிரைகளுக்கான இந்தப் பந்தயத்தின் தூரம் ஒன்றரை மைல், அதாவது சுமார் 2.4 கிலோமீட்டர். மைதானம் தட்டையாக இருக்காது. முதலில் ஏற்றம். பிறகு இறக்கம். அந்த இறக்கத்தில் இடது பக்கமாகத் திரும்பும் வளைவுக்குப் பெயர் டாட்டன்ஹாம் கார்னர். அதைத் தாண்டினால் நேராக முடிவுக் கோடு. இறக்கத்தில் வேகமாக வரும் குதிரைகளை ஜாக்கிகள் அடக்கித் திருப்ப வேண்டிய இடம் அது. எமிலி நின்றதும் அந்த வளைவுப் பக்கம்தான்.

இன்னொரு விஷயமும் முக்கியம். டெர்பி நாள் என்பது ரேஸ் பிரியர்களுக்கு மட்டுமான நாள் கிடையாது. மேட்டு நிலத்தில் நின்று காசு கொடுக்காமலே பார்க்கலாம் என்பதால், கூலித் தொழிலாளி முதல் பிரபு வரைக்கும் வருவார்கள். 19-ம் நூற்றாண்டில் டெர்பிக்காகவே நாடாளுமன்றத்தைப் பல ஆண்டுகள் ஒத்திவைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எம்.பி.க்கள் சட்டம் இயற்றுவதை விட்டுவிட்டு ரேஸ் பார்க்கப் போன ஊர் அது. அந்த நாடாளுமன்றத்தில் பாதி மக்களுக்கு, அதாவது பெண்களுக்கு, ஓட்டுப் போடும் உரிமையே இல்லை.

முதல் வகுப்பில் தேறினார்... ஆனால் பட்டம் கிடையாது!

எமிலி பிறந்தது 1872 அக்டோபர் 11-ல், லண்டன் பிளாக்ஹீத்தில். அப்பா, அம்மா இருவருக்கும் பூர்வீகம் இங்கிலாந்தின் வடகோடியில் இருக்கும் நார்தம்பர்லேண்ட். படிப்பில் கெட்டி. உதவித்தொகை பெற்று ராயல் ஹாலோவே கல்லூரியில் சேர்ந்தார். அது பெண்களுக்கான கல்லூரி.

1893-ல் அப்பா இறந்துபோனார். குடும்பத்தில் வருமானம் நின்றது. ஒரு டெர்முக்கு 20 பவுண்டு கட்டணம் கட்ட முடியவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு வீட்டில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். அந்தப் பணத்தைக் கொண்டு ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஹியூஸ் ஹாலில் சேர்ந்து தேர்வு எழுதினார். 1895-ல் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பு!

ஆனால் பட்டம் கொடுக்கவில்லை. காரணம், ஆக்ஸ்ஃபோர்டில் பெண்கள் படிக்கலாம், தேர்வு எழுதலாம், முதல் வகுப்பிலும் தேறலாம். பட்டம் மட்டும் ஆண்களுக்கு. இந்த விதி மாறியது 1920-ல். அப்போது எமிலி உயிரோடு இல்லை.

அவர் விட்டுவிடவில்லை. ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டே லண்டன் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் படித்து, 1908-ல் பட்டம் வாங்கினார். லண்டன் பல்கலைக்கழகம் அதற்கு முன்பே பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. படிப்புக்காக ஒரே கதவை இரண்டு தடவை தட்ட வேண்டியிருந்தது என்ற அனுபவம், அவரை அடுத்து எங்கே கொண்டுபோனது என்று பார்த்தால் பலவும் புரியும்.

வேலையை விட்டுவிட்டுப் போராட்டத்துக்கு

1903-ல் மான்செஸ்டரில் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பெண்கள் சமூக அரசியல் சங்கம். அதற்கு முன்பு பல பத்தாண்டுகளாகப் பெண்கள் மனு கொடுத்துப் பார்த்தார்கள், கூட்டம் போட்டுப் பார்த்தார்கள், கடிதம் எழுதிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பேச்சு போதும், செயலில் இறங்கலாம் என்பது இந்த அமைப்பின் கொள்கை. இவர்களைக் கிண்டலாகக் குறிப்பிட ஒரு பத்திரிகை கண்டுபிடித்த சொல்தான் சஃப்ரஜெட். கிண்டலையே அவர்கள் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள்.

1906-ல் எமிலி இதில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் ஆசிரியை வேலையை விட்டுவிட்டு முழுநேரப் போராளி ஆனார். 36 வயது, திருமணம் ஆகாதவர், சொத்து கிடையாது. அந்தக் காலத்தில் நிலையான வேலையை விடுவது எவ்வளவு பெரிய முடிவு என்று சொல்லத் தேவையில்லை.

1909 மார்ச்சில் பிரதமர் ஆஸ்க்வித்தைச் சந்திக்கப் போன பெண்கள் குழுவில் அவரும் ஒருவர். பிரதமர் பார்க்கவில்லை. போலீஸ் கைது செய்தது. ஒரு மாதம் சிறை. அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு? கணக்கு இப்படி இருக்கிறது:

• கைது செய்யப்பட்டது 9 முறை

• உண்ணாவிரதம் இருந்தது 7 முறை

• சிறையில் வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டது 49 முறை

கல் எறிந்தது, கூட்டத்தில் இடையூறு செய்தது, தபால் பெட்டிக்குத் தீ வைத்தது என்று வழக்குகள். இன்றைக்குப் பார்த்தாலும் சட்டப்படி குற்றங்கள்தான். ஓட்டுரிமை கேட்ட பெண்களிலேயே பலர் இந்த வழியை ஏற்கவில்லை. மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில், சட்டத்துக்கு உட்பட்டு மட்டுமே போராடிய பெரிய அமைப்பு ஒன்று தனியாக இருந்தது. அதில் உறுப்பினர்களும் அதிகம். இதையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

49 முறை... சிறைக்குள் என்ன நடந்தது?

சஃப்ரஜெட்டுகள் தங்களை அரசியல் கைதிகளாக நடத்தச் சொன்னார்கள். அரசு மறுத்தது. 1909 ஜூலையில் மரியன் வாலஸ் டன்லப் என்ற ஓவியர் சிறையில் சாப்பிட மறுத்தார். சில நாளில் விடுதலை. மற்றவர்களும் அதே வழியைப் பிடித்தார்கள். அந்த மாதமே சிறைக்குப் போன எமிலியும் சாப்பிடவில்லை. ஐந்து, ஆறு நாளில் சுமார் 9 கிலோ எடை குறைந்து வெளியே வந்தார்.

இப்படியே விட்டால் யாரையும் உள்ளே வைக்க முடியாது என்று அரசு யோசித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு முடிவு எடுத்தது. சாப்பிட மறுத்தால் குழாய் வழியாகச் செலுத்து!

இது எப்படி இருக்கும் என்றால், நாலைந்து வார்டர்கள் கை, காலைப் பிடித்துக்கொள்வார்கள். மூக்கு வழியாகவோ, இரும்புக் கருவியால் வாயைப் பிளந்தோ ரப்பர் குழாயை வயிறு வரை விடுவார்கள். மேலே இருந்து பாலும் முட்டையும் கலந்த திரவத்தை ஊற்றுவார்கள். குழாய் தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பல் உடைந்தவர்கள், நுரையீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. எமிலிக்கு இது 49 தடவை நடந்தது.

1909 அக்டோபரில் மான்செஸ்டர் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் நடந்தது இன்னும் மோசம். மறுபடியும் குழாயோடு வருவார்கள் என்று தெரிந்து, கட்டிலையும் ஸ்டூலையும் வைத்து அறைக் கதவை உள்ளே இருந்து அடைத்துக்கொண்டார் எமிலி. சிறை நிர்வாகம் ஜன்னல் வழியாக ஹோஸ் பைப்பை நீட்டி, குளிர்ந்த தண்ணீரை அவர் மேல் பீய்ச்சி அடித்தது. அறைக்குள் தண்ணீர் தேங்கும் வரை விடவில்லை. பிறகு கதவை உடைத்தார்கள்.

செய்தி வெளியே வந்ததும் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. எமிலி வழக்குப் போட்டார். ஜெயிக்கவும் செய்தார். நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? 40 ஷில்லிங். அதாவது 2 பவுண்டு. தொகை சின்னதுதான். ஆனால் சிறை செய்தது தப்பு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதே, அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

1912 ஜூன் மாதம் ஹாலோவே சிறையில், பல பெண்களுக்கு ஒரே நேரத்தில் குழாய் செலுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த ஒரு பெரிய துயரம் நடந்தால்தான் முடியும் என்று எமிலி முடிவு செய்தார். மாடித் தாழ்வாரத்தில் இருந்து கீழே குதித்தார். கம்பி வலை தடுத்தது. மறுபடியும் முயன்றதில் தலையிலும் முதுகெலும்பிலும் பலத்த அடி. அந்த வலி கடைசி வரை அவரை விடவில்லை. எப்சத்தில் என்ன நடந்தது என்ற விவாதத்தில் இந்தச் சம்பவம் மறுபடியும் வரும்.

அலமாரிக்குள் ஓர் இரவு: சென்சஸ் அதிகாரிகளுக்கே செக்!

எமிலியின் வாழ்க்கையில் கொஞ்சம் சிரிப்பு வரவழைக்கும் பக்கமும் இருக்கிறது.

1911 ஏப்ரல் 2-ம் தேதி இரவு பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஓட்டுப் போட ஆள் இல்லை என்றால் கணக்கெடுக்க மட்டும் எதற்கு ஆள் என்று கேட்டு, பல சஃப்ரஜெட்டுகள் கணக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். வீட்டில் இருக்காமல் ராத்திரி முழுக்கத் தெருவில் நடந்தவர்கள்கூட உண்டு.

எமிலியின் திட்டம் வேறு மாதிரி. நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்து, வெஸ்ட்மின்ஸ்டர் அரங்குக்குக் கீழே இருக்கும் சிறிய தேவாலயத்தில், துடைப்பம் வைக்கும் ஓர் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டார். இரவு எங்கே தங்கினோமோ அந்த முகவரிதான் கணக்கெடுப்பில் வரும். அப்படியென்றால் எமிலியின் முகவரி நாடாளுமன்றம்! எம்.பி.க்கள் உட்காரும் இடம் எதுவோ, அதுவே தன் இடம் என்று அரசு ஆவணத்திலேயே பதிய வைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

மறுநாள் காலையில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் வேலை முடிந்துவிட்டது. நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒளிந்திருந்தவர் என்று அவர் பெயர் படிவத்தில் ஏறியது. அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரரும் தன் படிவத்தில் அவர் பெயரை எழுதிவிட்டதால், அந்தக் கணக்கெடுப்பில் எமிலி இரண்டு முறை எண்ணப்பட்டார். ஓட்டு ஒன்றுகூட இல்லாதவருக்குத் தலை மட்டும் இரண்டு!

80 ஆண்டு கழித்து, 1991-ல், தொழிற்கட்சி எம்.பி. டோனி பென் அந்த அலமாரியின் கதவுக்குப் பின்னால் எமிலியின் நினைவாக ஒரு பலகையைத் தானே மாட்டினார்.

1913: பூனை, எலி, ரேஸ் மைதானம்

1913 தொடங்கும்போது நிலைமை சூடாக இருந்தது. ஓட்டுரிமை மசோதாவில் பெண்களைச் சேர்க்கும் முயற்சி ஜனவரியில் நாடாளுமன்ற விதிமுறைச் சிக்கலில் தோற்றது. போராட்டம் இன்னும் தீவிரமானது. காலியாக இருந்த கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். பிப்ரவரியில், நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் குண்டு வெடித்தது. இதில் எமிலிக்குப் பங்கு இருந்ததாகச் சொல்லப்பட்டாலும் அது நிரூபிக்கப்படவில்லை. தூண்டிவிட்டதாக எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட்டுக்கு 3 ஆண்டு தண்டனை கிடைத்தது.

ஏப்ரலில் அரசு புதிய சட்டம் கொண்டுவந்தது. உண்ணாவிரதம் இருக்கும் கைதி பலவீனமானால் வெளியே விடுவார்கள். உடம்பு தேறியதும் மறுபடி பிடித்து உள்ளே போடுவார்கள். பூனை எலியை விட்டுவிட்டுப் பிடிக்கிற மாதிரி இருந்ததால் மக்கள் இதைப் பூனை - எலிச் சட்டம் என்றே கூப்பிட்டார்கள்.

ரேஸ் மைதானங்கள் குறிக்குள் வந்ததும் இதே சமயத்தில்தான். அதே ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் ஏர் ரேஸ் மைதானத்தில் பார்வையாளர் மாடம் எரிந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பிரபுக்கள், அமைச்சர்கள், ராஜா என்று அதிகாரத்தில் இருக்கிற எல்லோரும் ஓய்வாக ஒன்று கூடும் இடம் ரேஸ் மைதானம். பணமும் அங்கேதான் புரளும்.

எப்சத்தில் கூடுதலாக இன்னொன்றும் இருந்தது. கேமரா! டெர்பியைப் படம் பிடிக்க நியூஸ்ரீல் நிறுவனங்கள் போட்டி போட்ட காலம் அது. டாட்டன்ஹாம் கார்னர் பக்கம் கேமரா வைப்பார்கள் என்பது தெரிந்த விஷயம். இன்றைய மொழியில் சொன்னால், நாடு முழுக்க லைவ் கவரேஜ் கிடைக்கும் இடம்.

ஜூன் 4: அந்தச் சில விநாடிகள்

அன்று காலை எமிலி லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்தில் எப்சத்துக்கு டிக்கெட் எடுத்தார். போக மட்டும் அல்ல, திரும்பி வரவும் சேர்த்து. சங்கத்தின் ஊதா, வெள்ளை, பச்சை நிறக் கொடிகள் இரண்டு அவரிடம் இருந்தன. மைதானத்தில் ஓடும் குதிரைகளின் பட்டியல் கொண்ட ரேஸ் கார்டும் வாங்கிக்கொண்டார்.

பிற்பகல் 3 மணிக்கு டெர்பி. 15 குதிரைகள். ராஜாவின் குதிரைக்குப் பெயர் ஆன்மர். அரச குடும்பத்தின் சாண்ட்ரிங்ஹாம் மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கிராமத்தின் பெயர் அது. ஜாக்கி ஹெர்பர்ட் ஜோன்ஸ். லேசுப்பட்டவர் இல்லை. 1900-லும் 1909-லும் அரச குடும்பத்துக் குதிரைகளில் டெர்பி ஜெயித்தவர். ஆனால் அன்று ஆன்மர் வேகம் எடுக்கவில்லை. கடைசிக் கூட்டத்தில்தான் வந்துகொண்டிருந்தது.

முன்னால் வந்த குதிரைகள் வளைவைக் கடந்து போயின. அப்போது எமிலி வேலிக்கு அடியில் புகுந்து பாதைக்கு வந்தார். பின்னால் வந்த குதிரைகளில் ஒன்று விலகிப் போனது. அவர் ஆன்மருக்கு நேராக நின்று கையை நீட்டினார். கடிவாளத்தைப் பிடிக்கப் போனது மாதிரி ஓர் அசைவு. அடுத்த கணம் குதிரை மோதியது.

எமிலி தூக்கி வீசப்பட்டு நினைவிழந்தார். ஜோன்ஸ் குதிரையோடு விழுந்து சிறிது தூரம் இழுபட்டார். அவருக்குத் தலையில் லேசான அடி, கையில் காயம். ஆன்மர் எழுந்து, மேலே ஆள் இல்லாமலே ஓடி முடித்தது. கூட்டம் ஓடுபாதைக்குள் பாய்ந்தது.

மாடத்தில் இருந்த ராஜாவும் ராணியும் ஜாக்கிக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள். மறுநாள் பல பத்திரிகைகளின் கவலையும் அதுதான். குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஜாக்கி நலமா என்பதற்குப் பிறகே அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தவருக்குத் திட்டிக் கடிதங்கள்கூட வந்தன.

சரி, ரேஸில் ஜெயித்தது யார்?

அதிலும் ஒரு ட்விஸ்ட்! முதலில் வந்தது எல்லோரும் பணம் கட்டியிருந்த கிராகனூர். ஆனால் மற்ற குதிரையை இடித்ததாகச் சொல்லி, பந்தய அதிகாரிகள் தாங்களாகவே விசாரித்து அதைத் தகுதி நீக்கம் செய்தார்கள். இரண்டாவதாக வந்த அபோயர் வெற்றி பெற்றதாக அறிவித்தார்கள். அதன் மேல் இருந்த பெட்டிங் விகிதம் ஒன்றுக்கு நூறு!

கிராகனூரின் உரிமையாளர் பவர் இஸ்மே. முந்தைய ஆண்டு மூழ்கிய டைட்டானிக் கப்பலின் நிறுவனத் தலைவர் புரூஸ் இஸ்மேயின் தம்பி. அந்தக் கோபம்தான் தகுதி நீக்கத்துக்குக் காரணமோ என்று அப்போதே முணுமுணுப்பு இருந்தது. வேறு எந்த ஆண்டாக இருந்தாலும் இதுவே பெரிய செய்தியாக இருந்திருக்கும். 1913-ல் இதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார் எமிலி.

நான்கு நாட்கள்... பிறகு 50 ஆயிரம் பேர்

எமிலியை எப்சம் காட்டேஜ் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மண்டை ஓட்டின் அடிப்பகுதியில் முறிவு. ஜூன் 6-ல் அறுவை சிகிச்சை நடந்தது. நினைவு திரும்பவே இல்லை. தோழிகள் அவருடைய படுக்கையில் சங்கக் கொடிகளைக் கட்டி வைத்தார்கள். ஜூன் 8-ம் தேதி அவர் உயிர் பிரிந்தது. வயது 40. அன்று இரவு ஹர்ஸ்ட் பார்க் ரேஸ் மைதானத்தின் மாடத்துக்கு இரண்டு சஃப்ரஜெட்டுகள் தீ வைத்தார்கள்.

ஜூன் 14-ல் லண்டனில் இறுதி ஊர்வலம். சுமார் 5,000 பெண்கள் வெள்ளை, கறுப்பு, ஊதா உடையில் வரிசையாக நடந்தார்கள். பாதை நெடுக சுமார் 50 ஆயிரம் பேர் நின்று பார்த்தார்கள். கலந்துகொள்ளக் கிளம்பிய எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட்டை பூனை - எலிச் சட்டத்தில் வீட்டு வாசலிலேயே கைது செய்தது போலீஸ். அவருக்காக வைத்திருந்த வண்டி காலியாகவே ஊர்வலத்தில் போனது. உடல் ரயிலில் நார்தம்பர்லேண்டுக்குக் கொண்டுபோகப்பட்டு, மறுநாள் மார்பெத் ஊரில் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

உயிரை விடத்தான் போனாரா?

இதற்கு இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது.

ஆம் என்பவர்கள் சொல்வது: 1912-ல் சிறையிலேயே அவர் உயிரைப் பணயம் வைத்தவர். ஓர் உயிர் போனால் பல பெண்களின் சித்திரவதை நிற்கும் என்று நம்பியவர். ஓடும் குதிரை முன்னால் போனால் என்ன ஆகும் என்பது தெரியாதவர் இல்லை.

இல்லை என்பவர்கள் காட்டுவது: திரும்பி வரும் ரயில் டிக்கெட் கையில் இருந்தது. லண்டனில் அன்று நடந்த சங்க நிகழ்ச்சிக்கான அனுமதிச் சீட்டு இருந்தது. பிரான்சில் இருக்கும் சகோதரியைப் பார்க்கப் போகும் திட்டமும் இருந்தது. சாக முடிவு செய்தவர் இதெல்லாம் வைத்திருப்பாரா?

திரும்பி வர டிக்கெட் எடுத்ததை மட்டும் பெரிய சாட்சியாக எடுக்க முடியாது, டெர்பி நாளில் அப்படித்தான் டிக்கெட் விற்றார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. அப்போது நடந்த மரண விசாரணையும் இதைத் தற்கொலை என்று சொல்லவில்லை. விபரீதத்தால் நேர்ந்த மரணம் என்றே தீர்ப்பு வந்தது.

2013-ல், நூற்றாண்டை ஒட்டி, மூன்று பழைய நியூஸ்ரீல் காட்சிகளையும் தூசு தட்டி, பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சிக்காக ஆராய்ந்தார்கள். அவர் நின்ற இடத்தில் இருந்து வரும் குதிரைகளைப் பார்க்க முடிந்திருக்கும், ராஜாவின் குதிரையின் கடிவாளத்தில் கொடியையோ துணியையோ மாட்ட முயன்றிருக்கலாம் என்பது அந்த ஆய்வின் கணிப்பு. ராஜாவின் குதிரை, ஓட்டுரிமைக் கொடியோடு முடிவுக் கோட்டைத் தாண்டியிருந்தால்? அந்தக் காட்சிதான் அவர் மனசில் இருந்திருக்கும் என்று நினைப்பவர்கள் இன்று அதிகம். அதே நேரம், அவர் யாரிடமும் திட்டத்தைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. பெரும்பாலும் சங்கத் தலைமையைக் கேட்காமல் தனியாகவே செயல்பட்டவர் அவர். அதனால் உறுதியான விடை யாரிடமும் கிடையாது.

மறக்கப்பட்ட இன்னொருவர்: ஜாக்கி ஜோன்ஸ்

இந்தக் கதையில் எந்தத் தப்பும் செய்யாமல் மாட்டிக்கொண்டவர் ஹெர்பர்ட் ஜோன்ஸ். சில வாரத்தில் மறுபடியும் குதிரை ஏறினார். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் தன்னை விடாமல் துரத்துவதாக அவர் சொன்னதாக எழுதப்பட்டிருக்கிறது. 1928-ல் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் இறந்தபோது, அவருக்கும் எமிலி டேவிசனுக்கும் மரியாதை செலுத்தி மலர்வளையம் அனுப்பினார் ஜோன்ஸ். தன்னைக் கீழே தள்ளிய போராட்டத்துக்கு அவர் காட்டிய மரியாதை அது. 1951-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதையும் எப்சத்தையும் முடிச்சுப் போட்டு எழுதுபவர்கள் உண்டு. ஆனால் நடுவில் 38 ஆண்டுகள் ஓடியிருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

ஓட்டு எப்போது வந்தது? சென்னைக்கு என்ன தொடர்பு?

எமிலி இறந்த அடுத்த ஆண்டே முதல் உலகப் போர். போராட்டத்தைச் சங்கம் நிறுத்தி வைத்தது. 1918-ல், 30 வயதைக் கடந்த, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு ஓட்டு. 1928-ல், ஆண்களைப் போலவே 21 வயதான எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு. எப்சம் சம்பவம்தான் இதைக் கொண்டுவந்தது என்று சொன்னால் அது மிகை. போரில் பெண்கள் செய்த வேலை, ஃபாசெட் அமைப்பின் பொறுமையான உழைப்பு என்று காரணங்கள் பல.

இந்தப் போராட்டத்தின் ஓர் இழை சென்னை அடையாறு வரை வந்தது. 1910-ல் ஓட்டுரிமைக்காக லண்டனில் கல் எறிந்து, எமிலி அடைபட்டிருந்த அதே ஹாலோவே சிறையில் ஒரு மாதம் இருந்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் கசின்ஸ். 1915-ல் இந்தியா வந்தார். 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவானபோது முன்னால் நின்றவர்களில் ஒருவர். அன்னி பெசன்ட் அதன் முதல் தலைவர். அதே ஆண்டு சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு, சென்னையில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டது. 1921-ல், இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக, சென்னை மாகாண சட்டமன்றம் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. அதுவும் சொத்துத் தகுதியோடுதான். எல்லோருக்கும் ஓட்டு என்பது குடியரசான பிறகே வந்தது.

இன்று எப்சத்தில்...

டெர்பி இப்போதும் ஒவ்வோர் ஆண்டும் எப்சத்தில் நடக்கிறது. புதன்கிழமைக்குப் பதில் சனிக்கிழமை. பெண்கள் பார்வையாளர்களாக மட்டும் வந்த காலமும் போய்விட்டது. 1972-ல் பிரிட்டனில் பெண் ஜாக்கிகளுக்கு அனுமதி கிடைத்தது. 1996-ல் அலெக்ஸ் கிரீவ்ஸ் டெர்பியில் குதிரை ஓட்டிய முதல் பெண் ஆனார். அவர் கடைசியாகத்தான் வந்தார். ஆனால் எமிலி குனிந்து நுழைந்த அதே வளைவில், பந்தயத்தில் ஒருவராகத் திரும்பினார்.

2013-ல் டாட்டன்ஹாம் கார்னரில் எமிலிக்கு நினைவுப் பலகை வைத்தார்கள். 2018-ல் மார்பெத்தில் சிலை. 2021-ல் எப்சம் சந்தைத் திடலில் இன்னொரு சிலை. கட்டணம் கட்ட முடியாமல் அவர் பாதியில் விட்டுப்போன ராயல் ஹாலோவே கல்லூரி, 2017-ல் திறந்த தன் புதிய நூலகக் கட்டடத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறது. 2015-ல் வந்த சஃப்ரஜெட் என்ற பிரிட்டிஷ் படம் எப்சம் காட்சியைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுபோனது.

அந்த நியூஸ்ரீல் இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. கறுப்பு வெள்ளை, சத்தம் கிடையாது. குதிரைகள் வருகின்றன, ஒரு பெண் குறுக்கே வருகிறார், எல்லாம் முடிந்துவிடுகிறது. அவர் கையில் இருந்தது என்ன என்று எத்தனை முறை நிறுத்திப் பார்த்தாலும் தெளிவாகத் தெரியாது. எதற்காக அங்கே போனார் என்பதில் மட்டும் இன்று யாருக்கும் சந்தேகம் இல்லை.